கறிவேப்பிலைக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன்காரர்: யார் இந்த கார்ல் லின்னேயஸ்?

சாப்பிடும்போது தட்டின் ஓரமாக ஒதுக்கி வைக்கிறோமே, கறிவேப்பிலை. அதன் அறிவியல் பெயர் என்னன்னு தேடினால் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று முர்ரயா கொனிகி. இன்னொன்று பெர்கெரா கொனிகி.

ஒரே செடிக்கு ஏன் இரண்டு பெயர்? அதில் வரும் கொனிகி யார்? இதற்கு விடை தேடிப் போனால் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்வீடனில் பிறந்த ஒரு பாதிரியாரின் மகனிடம் போய் நிற்போம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் கரோலஸ் லின்னேயஸ் என்று படித்திருப்போம். வகைப்பாட்டியலின் தந்தை என்று ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருப்போம். ஆனால் அவர் உண்மையில் என்ன செய்தார், எங்கே சறுக்கினார், அவருக்காக யாரெல்லாம் உயிரைக் கொடுத்தார்கள் என்பது பலருக்கும் தெரியாத கதை.

படிப்பு வராத பையன்

1707-ம் ஆண்டு மே 23-ம் தேதி, தெற்கு ஸ்வீடனின் ரோஷல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார் கார்ல். அப்பா நில்ஸ் ஒரு பாதிரியார், தோட்டப் பிரியர். அவர்கள் குடும்பத்தில் அதுவரை நிலையான குடும்பப் பெயரே இல்லை. பல்கலைக்கழகத்தில் சேரும்போது பெயர் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், குடும்ப நிலத்தில் நின்ற ஒரு பெரிய லிண்டன் மரத்தை வைத்து நில்ஸ் உருவாக்கிக்கொண்ட பெயர்தான் லின்னேயஸ். உலகத்துக்கே பெயர் வைத்தவரின் சொந்தப் பெயர், ஒரு மரத்திலிருந்து வந்தது.

மகனும் பாதிரியார் ஆக வேண்டும் என்பதுதான் வீட்டின் ஆசை. ஆனால் கார்ல் வகுப்பை விட்டுவிட்டு செடிகளின் பின்னால் திரிந்தார். இந்தப் பையனுக்குப் படிப்பு சரிவராது, தையல் வேலையோ செருப்பு தைக்கும் வேலையோ கற்றுக்கொடுங்கள் என்று ஆசிரியர்கள் அப்பாவிடம் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. அந்த நேரத்தில் கை கொடுத்தவர் ஊர் மருத்துவர் ரோத்மன். அன்றைக்கு மருந்து என்றாலே மூலிகைதான். செடி பைத்தியம் பிடித்த பையன் நல்ல டாக்டராக வருவான் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தார்.

1727-ல் லுண்ட், 1728-ல் உப்சாலா என்று படிப்பு தொடர்ந்தது. கையில் காசில்லை. ஓட்டை விழுந்த காலணிக்குள் காகிதத்தை வைத்து நடந்த நாட்கள் அவை. உப்சாலா தோட்டத்தில் அவரைப் பார்த்த பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ், இந்த இளைஞனுக்கு இவ்வளவு செடிகளின் பெயர் தெரிகிறதே என்று வியந்து, சாப்பாடும் தங்கும் இடமும் கொடுத்தார். வெப்பநிலை அளவுக்குப் பெயர் தந்த ஆண்டர்ஸ் செல்சியஸின் உறவினர்தான் இவர்.

நண்பனோடு ஓர் ஒப்பந்தம்

உப்சாலாவில் கிடைத்த உயிர் நண்பன் பீட்டர் ஆர்டெடி. இருவருக்கும் ஒரே கனவு. உலகில் இருக்கும் எல்லா உயிர்களையும் ஒழுங்காக அடுக்கிவிட வேண்டும். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பூச்சியும் செடியும் லின்னேயஸுக்கு. மீன்கள் ஆர்டெடிக்கு. கூடவே, சீரகம், கொத்தமல்லி போல குடை விரித்தாற்போல் பூக்கும் செடிகளும் ஆர்டெடிக்குத்தான். இருவரில் யார் முதலில் இறந்தாலும், மற்றவர் அந்த வேலையை முடித்து வெளியிட வேண்டும் என்றும் பேசி வைத்தார்கள்.

1735-ல் லின்னேயஸ் நெதர்லாந்து போனார். காரணம் அறிவியல் மட்டும் இல்லை, காதலும்தான். சாரா லிசா என்ற பெண்ணை மணக்கக் கேட்டபோது, அவரின் அப்பா மூன்று ஆண்டு காத்திருக்கச் சொன்னார். அதற்குள் டாக்டர் பட்டம் வாங்கி, சொந்தக் காலில் நிற்க வேண்டும். ஹார்டர்விக் என்ற ஊரில் சுமார் ஒரே வாரத்தில் பட்டம் கிடைத்துவிட்டது.

போகும் வழியில் ஹாம்பர்க்கில் ஒரு சம்பவம். ஏழு தலை நாகம் என்று சொல்லி, பதப்படுத்திய ஓர் உருவத்தைப் பெரும் விலைக்கு விற்கக் காத்திருந்தார்கள். லின்னேயஸ் பல்லையும் காலையும் பார்த்தார். மரநாய் இன விலங்கின் தாடைகளில் பாம்புத் தோலை ஒட்டிச் செய்த போலி என்று பட்டெனச் சொல்லிவிட்டார். பிறகு அந்த ஊரை விட்டு வேகமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று!

அதே 1735-ல் ஆம்ஸ்டர்டாமில் நண்பன் ஆர்டெடியை மீண்டும் சந்தித்தார். ஆனால் சில வாரங்களிலேயே, ஓர் இரவு விருந்து முடிந்து வீடு திரும்பும்போது ஆர்டெடி கால்வாயில் தவறி விழுந்து இறந்துபோனார். வயது 30.

லின்னேயஸ் ஒப்பந்தத்தை மறக்கவில்லை. நண்பனின் கையெழுத்துப் பிரதிகள் வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டிருந்தன. புரவலர் ஒருவரின் உதவியால் அவற்றை மீட்டு, 1738-ல் மீன்கள் பற்றிய அந்த நூலை நண்பன் பெயரிலேயே வெளியிட்டார். சீரகக் குடும்பத்தில் உள்ள ஒரு செடிக்கு ஆர்டெடியா என்று பேரினப் பெயரும் வைத்தார்.

பேரினம் என்றால் என்ன?

சரி, இந்தப் பேரினம் என்பது என்ன?

நம் ஊரில் ஒருவரின் பெயர் எப்படி? இனிஷியல் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் யார் என்று தெரியும். உயிரினப் பெயரும் அப்படித்தான். முதல் சொல் பேரினம், அதாவது கூட்டத்தின் பெயர். இரண்டாவது சொல் சிற்றினம், அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் குறிப்பிட்ட உயிர். ஆலமரமும் அரசமரமும் வேறு வேறு மரங்கள். ஆனால் இரண்டுக்கும் முதல் பெயர் ஃபைகஸ். அத்திக் கூட்டத்துச் சொந்தங்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

லின்னேயஸுக்கு முன்னால், ஒரு செடியைக் குறிப்பிட நீளமான லத்தீன் வாக்கியமே எழுத வேண்டும். இலை இப்படி, தண்டு இப்படி, பூ இப்படி என்று. புதுசா ஒரு செடி கிடைத்தால், பழைய செடியிலிருந்து பிரித்துக் காட்ட வாக்கியம் இன்னும் நீளும். ஒவ்வொரு அறிஞரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். கப்பல் கப்பலாகப் புதிய செடிகள் ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் இது தாங்கவில்லை.

1737-ல் அவர் வெளியிட்ட ஜெனரா பிளாண்டாரம் நூலில் 935 தாவரப் பேரினங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரே வரிசையில் விவரித்தார்: புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள், சூலகம், கனி, விதை. ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியவை நான்கு: எண்ணிக்கை, வடிவம், அமைந்திருக்கும் இடம், ஒன்றுக்கொன்று உள்ள அளவு. நிறம், மணம், உயரம் எல்லாம் கணக்கில் இல்லை. மண்ணும் மழையும் மாறினால் அவை மாறிவிடும் என்பது அவர் வாதம்.

இன்னொரு நேர்மையான பழக்கமும் அதில் இருந்தது. உயிருள்ள பூவைத் தானே பார்த்து எழுதிய பேரினத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. காய்ந்த மாதிரியை மட்டும் பார்த்திருந்தால் வேறொரு குறி. பிறர் எழுதியதை நம்பிச் சேர்த்திருந்தால் எந்தக் குறியும் இல்லை. எதை எவ்வளவு நம்பலாம் என்று வாசகருக்கே தெரிந்துவிடும்.

இலங்கைக்கும் இதில் பங்கு உண்டு. பால் ஹெர்மன் என்ற மருத்துவர் 17-ம் நூற்றாண்டில் இலங்கையில் சேகரித்து உலர்த்திய செடிகள், பல கை மாறி லின்னேயஸிடம் வந்தன. அவற்றை வைத்து 1747-ல் ஃப்ளோரா சைலானிகா என்ற நூலை எழுதினார். கேரளத்துச் செடிகளுக்கு, 12 தொகுதிகள் கொண்ட ஹோர்டஸ் மலபாரிகஸ் அவருக்குப் பெரிய துணை.

1753-ல் வந்த ஸ்பீஷீஸ் பிளாண்டாரம் நூலில் சுமார் 5,900 தாவரங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு சொல் பெயர். தென்னை, பனை, மா, வாழை, அரசு, ஆல் எல்லாம் அதில் உண்டு. தாவரங்களின் பெயர்க் கணக்கு இன்றும் இந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவற்றை லின்னேயஸ் கண்டுபிடித்தார் என்று அர்த்தமில்லை. இங்குள்ளவர்கள் எத்தனையோ தலைமுறையாக அறிந்த மரங்கள் இவை. அவர் செய்தது, உலகம் முழுக்கப் பொதுவான ஒரு பதிவேட்டில் அவற்றை ஏற்றியது.

ஈசலுக்கு இறக்கை இல்லையா?

பூச்சிகளுக்கு வருவோம். விலங்குகளுக்கான பெயர்க் கணக்கு, 1758-ல் வெளியான சிஸ்டமா நேச்சுரே நூலின் 10-ம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. 1735-ல் வந்த முதல் பதிப்பு பத்துப் பன்னிரண்டு பெரிய பக்கங்கள்தான். 10-ம் பதிப்பில் சுமார் 4,400 விலங்குகள் இடம்பிடித்திருந்தன.

பூச்சிகளை அவர் பிரித்த விதம் எளிது. இறக்கையைப் பாருங்கள் என்றார். இறக்கையை மூடும் கெட்டியான ஓடு இருந்தால் வண்டு. செதில் படிந்த இறக்கை என்றால் பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும். இரண்டே இறக்கை என்றால் ஈ, கொசு. இப்படி மொத்தம் ஏழு வரிசைகள். கடைசி வரிசை, இறக்கையே இல்லாதவை. வண்டு வரிசை, ஈ வரிசை போன்றவற்றுக்கு அவர் பயன்படுத்திய பெயர்கள் இன்றும் பாடத்தில் இருக்கின்றன.

ஆனால் சறுக்கலும் இருந்தது. பட்டாம்பூச்சிகள் அத்தனையையும் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்துக்குள் அடைத்தார். டிராய் போர் வீரர்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார். ராமேஸ்வரம் பக்கம் நிறைய பறக்கும், கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளி கொண்ட பட்டாம்பூச்சிக்கு அவர் வைத்த பெயர் ஹெக்டர். சிற்றினப் பெயராக அந்த ஹெக்டர் இன்றும் இருக்கிறது. பேரினம் மட்டும் பாக்லியோப்டா என்று மாறிவிட்டது.

கரப்பான்பூச்சியை வண்டுகளோடு வைத்தார். சிலந்தி, தேள், நண்டு எல்லாம் இறக்கை இல்லாத பூச்சிகள் என்று சேர்த்தார். கறையானையும் அந்த இறக்கை இல்லாத கூட்டத்தில்தான் போட்டார்.

மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பார்த்த எந்தக் குழந்தையும் இதை மறுத்துவிடும். கறையானுக்கு இறக்கை முளைத்தால் அதுதானே ஈசல்! உப்சாலாவின் குளிரில் உட்கார்ந்து, கப்பலில் வந்த காய்ந்த மாதிரிகளைப் பார்த்து எழுதியதன் விலை இது.

இன்று கறையான், கரப்பான்பூச்சிகள் உள்ள அதே வரிசையில் வைக்கப்படுகிறது. இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன.

இறக்கையை விட்டு வாயுறுப்புகளைப் பார்த்தால் பிரிவு இன்னும் சரியாக வரும் என்று பிறகு சொன்னவர் ஃபேப்ரிசியஸ். 1775-ல் அந்த முறையில் நூல் எழுதினார். பூச்சிகளில் ஏராளமான புதிய பேரினங்கள் அவரிடமிருந்து வந்தன. அவர் வேறு யாருமில்லை, லின்னேயஸின் மாணவர்தான்.

ஒரு பூ அவரை உலுக்கியது எப்படி?

லின்னேயஸின் மனசுக்குள் ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது. உயிரினங்கள் படைப்பின்போது எப்படி இருந்தனவோ அப்படியேதான் இன்றும் இருக்கின்றன, புதிதாக எதுவும் தோன்றாது என்பதுதான் அது. அவர் எழுப்பிய கட்டடம் முழுவதும் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நின்றது.

1742-ல் ஸ்டாக்ஹோம் அருகே ஒரு தீவில், மாணவர் ஒருவர் விநோதமான செடியைப் பறித்து வந்தார். இலை, தண்டு, மணம் எல்லாம் லினாரியா என்ற சாதாரணக் களைச்செடி மாதிரியே. ஆனால் பூ மட்டும் வேறு. வழக்கமான பூவுக்கு இரண்டு உதடும், கீழே ஒரே ஒரு வால் நீட்சியும் இருக்கும். இதற்கு ஐந்து வால்கள், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி.

யாரோ வேறு பூவை ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்றுதான் லின்னேயஸ் முதலில் நினைத்தார். ஹாம்பர்க் போலியைப் பிடித்தவராச்சே! ஆனால் இது போலி இல்லை. பூவைப் பார்த்துத்தான் பேரினம் என்பது அவரே போட்ட விதி. அதன்படி இது ஒரு புதிய பேரினம். செடியைப் பார்த்தாலோ, பழைய லினாரியா. இரண்டில் ஒன்று உடைய வேண்டும்.

1744-ல் அதற்குப் பெலோரியா என்று பெயர் வைத்து ஓர் ஆய்வேடு வெளியானது. கிரேக்கத்தில் பூதம், அசுரம் என்று பொருள் வரும் சொல் அது. ஒரு செடியிலிருந்து இன்னொரு புதிய செடி உருவாகியிருக்கலாம் என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில், அதுவும் ஒரு பாதிரியாரின் மகனுக்கு, லேசான விஷயம் இல்லை. பிற்காலத்தில், ஆதியில் சில மூலக் கூட்டங்கள் மட்டும் இருந்திருக்கலாம், அவை கலந்து புதிய இனங்கள் வந்திருக்கலாம் என்ற அளவுக்கு மாறினார்.

பெலோரியாவின் புதிர் 1999-ல்தான் அவிழ்ந்தது. அந்தப் பூவில் மரபணுவின் எழுத்துகள் மாறவில்லை. பூவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணு, வேதிப் பூட்டு போட்டதுபோல் அணைந்து கிடந்தது. அது புதிய பேரினம் இல்லை. ஆனால் லின்னேயஸை யோசிக்க வைத்ததே, அது வீண் போகவில்லை.

திரும்பி வராத மாணவர்கள்

1741 முதல் உப்சாலாவில் பேராசிரியர். அவருடைய வகுப்புக்கும் காட்டு நடைக்கும் கூட்டம் அலைமோதியது. சிறந்த மாணவர்களை உலகின் நான்கு திசைகளுக்கும் அனுப்பினார். செடி, பூச்சி, விதை எது கிடைத்தாலும் அனுப்பச் சொன்னார்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. முதலில் கிளம்பிய தேர்ன்ஸ்ட்ரோம், 1746-ல் வியட்நாம் அருகே தீவில் இறந்தார். அவருடைய மனைவி லின்னேயஸைத்தான் குற்றம் சாட்டினார். அதன்பின் திருமணமாகாதவர்களைத்தான் அனுப்பினார் லின்னேயஸ். ஹாசல்குயிஸ்ட் துருக்கியில், லோஃப்லிங் வெனிசுலாவில், ஃபோர்ஸ்கால் ஏமனில் என்று மரணச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஃபோர்ஸ்கால் அனுப்பிய விதையிலிருந்து முளைத்த செடிக்கு அவர் பெயரையே பேரினமாக வைத்தார். ஆட்கள் திரும்பவில்லை, பெயர்கள் மட்டும் பதிவேட்டில் நின்றன.

ரோலண்டர் என்ற மாணவர், சிவப்புச் சாயம் தரும் பூச்சிகளை கள்ளிச்செடியோடு சூரினாமிலிருந்து அனுப்பினார். பார்சல் வந்தபோது லின்னேயஸ் வகுப்பில் இருந்தார். தோட்டக்காரர் செடியைப் பிரித்து, ஒட்டியிருந்த பூச்சிகளை அழுக்கு என்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். கடல் தாண்டி வந்த பூச்சி, தோட்டத்து வாசலில் போச்சு.

தரங்கம்பாடியில் ஒரு சீடர்

இப்போது கொனிகி யார் என்று பார்க்கலாம். யோஹான் கெர்ஹார்ட் கொனிக், உப்சாலாவில் லின்னேயஸிடம் படித்தவர். 1768-ல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காடு நவாபிடமும், கிழக்கிந்திய கம்பெனியிடமும் வேலை பார்த்தார். நம் ஊர்ச் செடிகளை உலர்த்தி குருவுக்கு அனுப்பினார்.

1771-ல் வெளியான நூலில் லின்னேயஸ் கறிவேப்பிலையைச் சேர்த்தார். பெர்கெரா என்ற பேரினத்தை உருவாக்கி, சிற்றினப் பெயரில் தன் மாணவரை வைத்தார்: பெர்கெரா கொனிகி.

கொனிக் இங்கேயே தங்கிவிட்டார். தஞ்சாவூர்ப் பகுதியில் கறையான்களைக் கூர்ந்து பார்த்து 1779-ல் விரிவான கட்டுரை எழுதினார். குரு தூரத்திலிருந்து தவறவிட்டதை, சீடர் புற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். 1785-ல் காக்கிநாடா அருகே இறந்தார்.

மனிதர்களையும் பிரித்தார்

லின்னேயஸ் வாழ்க்கையில் மறைக்கக் கூடாத பக்கம் ஒன்று உண்டு. மனிதனையும் குரங்குகளையும் ஒரே வரிசையில் வைத்தது அன்றைக்குத் துணிச்சலான காரியம். ஆனால் அதே நூலில் மனிதர்களைக் கண்டம், தோல் நிறம் வைத்து நான்காகப் பிரித்தார். 1758 பதிப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் குணமும் எழுதினார். ஐரோப்பியருக்குப் புகழ்ச்சி, ஆப்பிரிக்கருக்கு இழிவு. செடிக்கு நிறத்தைப் பார்க்காதே என்று சொன்னவர், மனிதனுக்கு நிறத்தைப் பார்த்தார். பின்னாளில் இனவெறிக்கு அறிவியல் சாயம் பூசியவர்களுக்கு இந்தப் பட்டியல் வசதியாகப் போனது.

கடைசிக் காலம்

வருஷா வருஷம் புதுத் தகவல் குவிந்ததால், பிற்காலத்தில் தனித்தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதி, வேண்டியபடி இடம் மாற்றி அடுக்கும் முறைக்கு வந்தார் லின்னேயஸ். நூலக அட்டைகளின் முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

1774-ல் பக்கவாதம் தாக்கியது. 1776-ல் மீண்டும். எத்தனையோ ஆயிரம் பெயர்களை நினைவில் வைத்திருந்தவருக்கு நினைவு தப்பியது. 1778 ஜனவரி 10-ம் தேதி காலமானார். உப்சாலா பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மகனும் 1783-ல் இறந்துவிட, மனைவி சாரா சேகரிப்பை விற்க முன்வந்தார். 1784-ல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய இளைஞர் சுமார் 1,000 கினி கொடுத்து வாங்கினார். 14,000 தாவர மாதிரிகள், 3,198 பூச்சிகள், கடிதங்கள், நூல்கள் எல்லாம் லண்டன் போயின. அவற்றைப் பாதுகாக்கும் லின்னேயன் சொசைட்டி 1788-ல் தொடங்கியது.

சரி, கறிவேப்பிலைக்கு எது சரியான பெயர்?

1825-ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மன் தாவரவியலாளர், கறிவேப்பிலை தனிப் பேரினம் இல்லை என்று முடிவு செய்து முர்ரயாவுக்கு மாற்றினார். வெண்காட்டு மல்லிகை போலப் பூக்கும் செடிகள் உள்ள பேரினம் அது. அதுவும் லின்னேயஸ் தன் மாணவர் முர்ரே பெயரில் வைத்ததே. பாடப் புத்தகம், மருந்துக் கடை, ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாவற்றிலும் முர்ரயா கொனிகியே நிலைத்தது.

பிறகு மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், கறிவேப்பிலை அந்தக் கூட்டத்தோடு ஒட்டவில்லை என்று காட்டின. எனவே தாவரவியலாளர்கள் பலர் மறுபடியும் பெர்கெரா கொனிகி என்றே எழுதுகிறார்கள்.

வேப்பமரத்துக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. லின்னேயஸ் அதை மலைவேம்புக் கூட்டமான மெலியாவில் வைத்திருந்தார். 1830-ல் பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்ஸியூ அதைப் பிரித்து அசாடிராக்டா என்று புதிய பேரினம் ஆக்கினார். அது அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றில் அவர் தவறு, இன்னொன்றில் சரி. அவர் போட்ட பெட்டிகள் பல உடைந்துவிட்டன. ஆனால் புதிதாக ஒரு பூச்சியையோ செடியையோ விவரிக்கும் எவரும் இன்றும் இரண்டு சொல்லில்தான் பெயர் வைக்கிறார்கள். அடுத்து வருபவர் அதைச் சரிபார்க்கலாம், மாற்றலாம். அடுத்த முறை தட்டு ஓரத்தில் அந்த இலையை ஒதுக்கும்போது, தரங்கம்பாடியிலிருந்து செடிகளை அனுப்பிய கொனிக்கையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.